முகம் வராது என்று சொல்லி எடுத்த படம்

1. 2006 ஆடி மாதம், முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்காக வேலை செய்யும் எங்கள் அமைப்புக்கு ஒரு வலைப்பூ தொடங்கினேன்.

2. முதல் இரண்டு வருடம் அதைப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

3. 2008 பங்குனியில் ஒரு பெண்ணின் இரண்டு கைகளைப் படம் பிடித்துப் போட்டேன். முகம் வராது என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முகம் வரவில்லை.

4. சென்னையிலிருந்து ஒரு பெரிய அமைப்பு அந்தப் படத்தைக் கேட்டது. மதியம் மூன்று மணிக்குள் பதில் வேண்டும் என்றது. ஒன்றரை மணிக்கே கொடுத்துவிட்டேன்.

5. அதன் பிறகு அந்தப் படத்தை எங்கெங்கோ இருக்கிறவர்கள் பார்த்தார்கள்.

6. அந்தப் பெண்ணுக்கு வேலை போனது.

7. எங்கள் பக்கத்திலிருந்து படத்தை எடுத்தேன். மற்றவர்கள் பக்கத்திலிருந்து அது போகவில்லை.

8. அடுத்த வருடம் அந்த வட்டாரத்துக் கம்பெனிகள் சிலவற்றில் பெண்களுக்குக் கையுறை கொடுத்தார்கள்.

எனக்கு எண் போட்டு எழுதினால்தான் யோசிக்க வரும். சிதம்பரத்தில் நான்கு வருடம் கணிப்பொறி படித்ததில் மிச்சமாக ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. இந்த எட்டையும் பல தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஆறாவதும் எட்டாவதும் ஒரே படத்தால் நடந்தவை. எட்டாவது நடந்து, ஆறாவது நடக்காமல் இருக்க ஒரு வழி இருந்ததா என்று தேடினேன். இருந்தது. நான்காவது வரியில் இருந்தது.

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையை விடுகிறேன். இருபத்தெட்டு வயதில் ஓய்வா என்று அலுவலகத்தில் கிண்டல் செய்கிறார்கள். வலைப்பூவைப் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் இரண்டு பேரும் ஏற்றுக்கொள்ளப் போகிறீர்கள். கடவுச்சொல், படங்களைச் சுருக்கும் முறை, பின்னூட்டங்களை வடிகட்டும் முறை எல்லாம் தனித் தாளில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் அரைநாளில் கற்றுக்கொள்வீர்கள். இது வேறு விஷயம்.

முதலில் இரண்டு குறிப்புகள். அந்தப் பெண்ணுக்கு இங்கே தனக்கொடி என்று பெயர் வைக்கிறேன். அது அவர் பெயரல்ல. ஊரையும் சொல்லவில்லை, பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான். அவருடைய கைகள் எப்படி இருக்கும் என்பதையும் எழுதப்போவதில்லை. இதைப் படித்து முடிக்கும்போது காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தொடங்கிய காலத்தில் நான் எழுதியவை எல்லாம் அறிக்கைகள். கூட்டம் நடந்தது, மனு கொடுக்கப்பட்டது, தீர்மானம் நிறைவேறியது. கடலூர் அலுவலகத்தில், கீழே அச்சகம் ஓடுகிற கட்டடத்தின் மாடியில், மேசை அதிர அதிர அவற்றைத் தட்டச்சு செய்வேன். போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கையைப் பார்ப்பேன். அதில் பாதி நானேதான்.

எங்கள் களப்பணியாளர் ஒருநாள் அப்படி ஒரு பதிவை அச்செடுத்துக்கொண்டு போனார். அவர் பெயரையும் எழுதவில்லை, அவரே வேண்டாம் என்றார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பழைய மொபெட்டில் ஊர் ஊராகப் போவார். பெண்கள் அவரை மாமா என்றும் மச்சான் என்றும் வாய்க்கு வந்தபடி கூப்பிடுவார்கள். மறுநாள் வந்து தாளை என் மேசையில் வைத்தார்.

"படிச்சிக் காட்டினேம்மா. பாதியில ஒரு பொம்பள கொட்டாவி வுட்டுச்சி. இன்னொண்ணு, 'மச்சான், இதுல நாங்க எங்க இருக்கோம்?'னு கேட்டுச்சி. நானும் தேடிப் பாத்தேன். நெசமாவே இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. பிறகு தாளை நானும் படித்துப் பார்த்தேன். நான்கு பத்தியில் ஒரு பெண்கூட இல்லை. அமைப்பு இருந்தது, அதிகாரி இருந்தார், தேதி இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மொபெட்டைப் பின்தொடர்ந்து பஸ்ஸில் நானும் போனேன். வலைப்பூவில் நான் செய்த முதல் நல்ல காரியம் அதுதான். தவறும் அங்கேதான் தொடங்கியது.

தெருக்குழாய்ப் பக்கத்தில் ஐந்தாறு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது. உடைக்கும்போது விரலில் பட்டால் சுடும், தோல் உரியும், கறுப்பாகக் கறை பிடிக்கும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். எவ்வளவு தடவினாலும் முழுக்கத் தடுக்காது. இதையெல்லாம் மனுக்களில் நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். கையைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் முன்னால் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள்.

"இரு பாப்பா, மருதாணி வச்சிக்கினு வந்துடறேன்" என்றார் ஒருவர்.

"இன்னும் எதுக்கு? அதான் கம்பெனிக்காரன் தெனம் வச்சி அனுப்பறானே!" என்றார் தனக்கொடி.

அவர்தான் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூஞ்சி வராதுல்ல?"

"வராதுக்கா. சத்தியமா வராது."

"அப்ப சரி, எடு. வந்தா என் வீட்டுக்காரரு 'என்ன வுட்டுட்டு நீ மட்டும் சினிமாவுல நடிச்சிட்டியா'ன்னு சண்டைக்கு வருவாரு."

கையை விரித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு கைகளையும் நீட்டினார். நான் கேட்காமலேயே புரட்டிப் புறங்கையையும் காட்டினார். விரல்களை அகட்டி, இடைவெளி தெரிய, ஒரு நொடி அப்படியே நிறுத்தினார். நான்கே படங்களில் வேலை முடிந்துவிட்டது. இவ்வளவு தெளிவாகக் காட்டுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம். ஏன் அவ்வளவு பழக்கமாகக் காட்டினார் என்று நான் கேட்கவில்லை.

படத்தோடு எட்டே வரிகள் எழுதினேன். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே போட்டேன். சோற்றைப் பிசையும்போது எரிகிறது, பெண்ணுக்குத் தலை பின்னும்போது முடி விரலில் சிக்குகிறது, அதனால் அவளே பின்னிக்கொள்ளப் பழகிவிட்டாள். இவ்வளவுதான். ஊர் இல்லை, பெயர் இல்லை, கம்பெனி இல்லை. வெளியிட்ட மூன்றாம் நாள் பின்னூட்டங்கள் வரத் தொடங்கின. யார் யாரோ எழுதினார்கள். "இனி முந்திரிப்பருப்பைப் பார்த்தால் இந்தக் கை ஞாபகம் வரும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அச்செடுத்துச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவ்வளவு பெருமை.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து தொலைபேசி வந்தது. தொழிலாளர் உடல்நலத்துக்காக வேலை செய்யும் பெரிய அமைப்பு அது. ஆங்கிலத்தில் ஒரு பிரசாரம் தொடங்குகிறார்கள், முகப்புப் படமாக இந்தக் கைகள் வேண்டும், பக்கம் மாலையில் வெளியாகிறது, மூன்று மணிக்குள் சரி என்று சொல்லுங்கள் என்றார்கள். அப்போது மணி பன்னிரண்டு. களப்பணியாளர் சாப்பிட வந்திருந்தார். அவரிடம் சொன்னேன்.

"ரெண்டு நாள் குடும்மா. போயி அதுகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டுத்தானே எடுத்தோம் அண்ணே?"

"நம்ம பிளாக்குக்குக் கேட்டோம். அவுங்களுக்குக் கேக்கலியே."

"முகம் இல்லியே. கை மட்டும்தானே. கைய வச்சி யாருன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"எனக்கும் தெரியல. ஆனா கேட்டுட்டா நல்லதுன்னு தோணுது."

ஒரு மணிக்கு மின்சாரம் போய்விடும், போனால் மூன்று மணிக்குத்தான் வரும். அதுதான் அந்த வாரத்து ஏற்பாடு. அதற்குள் அனுப்பிவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அன்றைக்கு என்னவோ ஒன்றரை வரை மின்சாரம் போகவில்லை. அசல் படத்தை அனுப்பி, சரி என்று ஒரு வரி எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அது போய்ச் சேர்ந்த பிறகு விளக்கு அணைந்தது. நல்லவேளை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அந்தக் கெடு யாருடையது என்று நான் யோசித்திருக்க வேண்டும். அது சென்னைக்காரர்களுடையது. அவர்கள் பக்கம் இரண்டு நாள் தள்ளிப்போயிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. பின்னால் நானே அவர்களிடம் கேட்டேன். "நீங்கள் சொல்லியிருந்தால் காத்திருப்போமே" என்றார்கள். நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவற்றில் இதை முதலாவதாக எழுதுகிறேன்: அவசரம் யாருடையது, ஆபத்து யாருடையது என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே ஆளுடையதாக இருப்பது அபூர்வம்.

படம் போன வேகத்தை நான் எண்ணிக்கையில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம், அங்கிருந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை. எங்கள் வலைப்பூவில் பார்வையாளர் எண்ணிக்கையின் கோடு செங்குத்தாக ஏறியது. அந்தக் கோட்டையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன்.

ஒரு மாதம் கழித்துக் களப்பணியாளர் மாடிப்படி ஏறி வந்தார். மொபெட் சாவியை மேசையில் வைத்தார். உட்காரவில்லை.

"தனக்கொடிய வேலையை வுட்டு நிறுத்திட்டாங்க."

நடந்ததை அவருக்குச் சொன்னவர் தனக்கொடிக்குப் பக்கத்து வீட்டுப் பெண், அதே கம்பெனியில் உடைக்கிறவர். பிறகு நானும் அவர் வாயாலேயே கேட்டேன். அதை அப்படியே எழுதுகிறேன்.

"சாயங்காலம் வேல முடிஞ்சா வாசல்ல வரிசையா நிப்போம் பாப்பா. மேஸ்திரி ஒக்காந்திருப்பான். ஒவ்வொருத்தியா ரெண்டு கையயும் விரிச்சி நீட்டணும். பருப்பு எதுனா ஒளிச்சி எடுத்துக்கினு போறமான்னு பாப்பான். உள்ளங்கைய காட்டி, திருப்பிப் பொறங்கையயும் காட்டணும். வெரல அகட்டிக் காட்டணும். 'ம்'னுவான். அப்பறம்தான் வெளிய போவலாம். அன்னிக்கி மொதலாளி மவனும் வந்து பக்கத்துல நிக்கிறாரு. மேஸ்திரி மடியில ஒரு தாளு. கலர்ல கை படம், பருப்பு வாங்கற வெளிநாட்டுக்காரன் அனுப்பினதாம். ஒவ்வொருத்தி கையயும் அதுக்குப் பக்கத்துல வச்சி வச்சிப் பாக்கறான். எங்களுக்குப் பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சி அது யாரு கைன்னு. ஒருத்தியும் வாயத் தொறக்கல. அது எனக்குப் பின்னாடி மூணாவதா நின்னுது."

"அவங்க வரிசையிலேர்ந்து நழுவியிருக்கலாமே அக்கா?"

"எங்க போறது? கைய காட்டாம அந்த வாசல தாண்ட முடியுமா? அதுவே வந்துச்சி. நீட்டிச்சி. திருப்பியும் காட்டிச்சி."

நான் எடுத்த படத்திலும் அதே நிலைதான். விரித்து நீட்டி, திருப்பி, அகட்டி. பதினோரு வருடமாகத் தினமும் சாயங்காலம் வாசலில் காட்டிக் காட்டிப் பழகிய கை. கையை விரித்துக் காட்டுங்கள் என்று நான் சொன்னதும் அந்தப் பழக்கத்தில்தான் நீட்டியிருக்கிறார்.

அன்று சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். மேல்கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். எல்லாம் எனக்கு வெறும் கைகள். கீழ வீதியில் வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கல்யாண ஆல்பத்தை எடுத்தேன். பந்தியில் எடுத்த ஒரு படம் உண்டு. இலையில் பாயசம் ஊற்றுகிற கை மட்டும் ஓரத்தில் விழுந்திருக்கும். அம்மாவிடம் அதைக் காட்டி யார் என்று கேட்டேன்.

"இது கூடவாடி தெரியல? ஒன் அத்ததான். அந்தக் கரண்டி பிடிக்கிற பிடியப் பாரு. ஏன், என்ன ஆச்சு? ஏன் அழற?"

இரண்டாவதாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஒரு படத்தில் ஆளை மறைத்துவிட்டோமா என்று உங்கள் கண்ணால் பார்க்காதீர்கள். நீங்கள் அவருக்கு அந்நியர். தினமும் அவரோடு உட்காருகிற ஒருவரிடம் காட்டுங்கள், அவருக்கு அடையாளம் தெரிந்தால் போடாதீர்கள். எங்களுக்கு அப்படிக் காட்டத் தெருக்குழாய்ப் பக்கத்திலேயே ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு நாள்தான் ஆகியிருக்கும்.

வேலை போன செய்தி வந்த அன்றைக்கே படத்தை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்திருந்தேன். சென்னைக்காரர்களும் மறுநாள் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதினேன். சிலர் எடுத்தார்கள். சிலர் பதில் போடவில்லை. ஒருவர் "முகமே இல்லையே, இதில் என்ன பிரச்சினை?" என்று கேட்டிருந்தார். அது என் கேள்விதான், எனக்கே திரும்பி வந்தது.

தனக்கொடியை ஊரில் போய்ப் பார்த்தால் இன்னும் சிக்கலாகும் என்று களப்பணியாளர் வடலூருக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே வள்ளலார் சபை மைதானத்தில் யார் யாரோடு உட்கார்ந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் போனபோது அவர் தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு மரநிழலில் உட்கார்ந்திருந்தார். கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்.

"வா பாப்பா. சாப்ட்டியா?"

"இல்லக்கா. அப்பறம்…"

"மொதல்ல போயி சாப்ட்டுட்டு வா. எங்க ஓடிடப் போறேன், எனக்கென்ன வேலையா வெட்டியா?"

போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு தாளில் மூன்று விஷயங்களை எண் போட்டு எழுதிக்கொண்டு போயிருந்தேன். அதை வெளியே எடுக்கவே இல்லை. படத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டார். அதுவரை அவர் அதைப் பார்த்ததே இல்லை. மேஸ்திரி மடியிலிருந்ததைத் தலைகீழாகப் பார்த்ததோடு சரி. என்னிடமிருந்த பிரதியைக் கொடுத்தேன். வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் எடுத்திருக்க."

"முகம் வராமதான்க்கா பாத்துக்கிட்டேன்…"

அவர் சிரித்துவிட்டார். உண்மையான சிரிப்பு.

"மூஞ்சிய போட்டிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது பாப்பா! பதினோரு வருசத்துல அந்தாளு ஒரு நாளாவது எம்மூஞ்சிய நிமுந்து பாத்திருப்பான்ற? பண்ருட்டி சந்தையில எதுக்க வந்தாகூட இது யாருன்னு அவனுக்குத் தெரியாது. கைய மட்டுந்தான் பாப்பான்."

நானும் சிரிக்க வேண்டும்போல இருந்தது. முடியவில்லை.

பக்கத்து ஊர்க் கம்பெனிகளில் வேலை கேட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு இடத்தில் கேட்டதாகச் சொன்னார். எல்லா வாசலிலும் கையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "படத்துல வந்த கையா?" என்று ஒரு இடத்தில் கேட்டே விட்டார்கள்.

அப்போது என் பையில் இன்னொரு தாள் இருந்தது. நடந்தது முழுவதையும், மேஸ்திரி, வாசல், மடியிலிருந்த படம் எல்லாவற்றையும் ஒரு பதிவாக எழுதி வைத்திருந்தேன். இந்த ஆறு வருடத்தில் நான் எழுதிய எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது. சென்னையில் அதைக் கேள்விப்பட்டவர்கள், இதுதான் உண்மையான செய்தி, நாளைக்கே போடுங்கள் என்றார்கள். அதைத் தனக்கொடிக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"இதப் போட்டா என்ன ஆவும்?"

"நெறைய பேரு படிப்பாங்கக்கா. கம்பெனிய கேள்வி கேப்பாங்க."

"எனக்கு வேல திரும்பிக் கெடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது.

"தெரியலக்கா."

"கூட இருந்த பொம்பளைங்கள வுட்டுடுவானா? இவ்ளோ வெவரம் எவ சொன்னான்னு கேக்க மாட்டான்?"

"அதுவும் தெரியல."

அவர் தாளை மடித்து என் கையில் வைத்தார்.

"அன்னிக்கி 'சத்தியமா வராது'ன்ன. இன்னிக்கி 'தெரியல'ன்ற. இதான் நெசம். அப்ப வேணாம், வச்சிரு. நான் எப்ப சொல்றனோ அப்ப போடு."

பஸ் ஏறும்போது அவர் படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

சென்னைக்குப் போன் செய்து, பதிவு வராது என்று சொன்னேன். ஒரு அநியாயத்தை மூடி மறைக்கிறீர்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருந்தது. ஒரு அமைப்பின் வலைப்பூவில் மிகக் கடினமான வேலை எழுதுவது என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். கையில் இருப்பது நல்ல எழுத்து, நியாயமான கோபம், படிக்கப் பெரிய கூட்டம் தயார் என்ற நிலையில் அதை வெளியிடாமல் உட்கார்ந்திருப்பதுதான் கடினம். அதற்கு எண்ணிக்கையில் எந்தக் கோடும் ஏறாது. அன்று மாலை சுவரிலிருந்த கோட்டைக் கிழித்துப் போட்டேன்.

கையுறை விஷயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். வெளியிலிருந்து கேள்விகள் வந்ததால்தான் அது நடந்தது. 2009இல் அந்த வட்டாரத்தில் சில கம்பெனிகள் ரப்பர் கையுறை கொடுத்தன. தனக்கொடி வேலை செய்த கம்பெனியும் கொடுத்தது. பெண்கள் முழு மனதாகப் போட்டுக்கொள்ளவில்லை. கையுறையோடு உடைத்தால் வேகம் வராது. ஆனாலும் எரிச்சல் குறைந்தது என்று பலர் சொன்னார்கள். எங்கள் ஆண்டுக் கூட்டத்தில் அதை வெற்றி என்று அறிவித்தோம். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் தன் கையுறையைத் தனக்கொடியிடம் காட்டியிருக்கிறார். தனக்கொடி அதைப் போட்டுப் பார்த்தாராம். விரல்களை மடக்கி நீட்டிவிட்டு, "பரவால்லடி, இதப் போட்டுக்கினா எவ கை எதுன்னு எவனுக்கும் தெரியாது" என்றாராம்.

இனி, இப்போது எது எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வலைப்பூவைக் கொஞ்சம் பேர்தான் படிக்கிறார்கள். படத்துக்கு ஒப்புதல் கேட்கும் தாளில் "இது வெளியானால் உங்களை முதலில் அடையாளம் கண்டுபிடிக்கப் போவது யார், எதை வைத்து?" என்ற கேள்வியைச் சேர்த்திருக்கிறோம். அதற்குப் பதில் வாங்காமல் ஒரு படமும் போட வேண்டாம். அந்தக் கைகளின் படம் இன்னும் சில பக்கங்களில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேடிப் பார்த்து எழுதுகிறேன். அந்தப் பட்டியலும் உங்களிடம் வரும்.

தனக்கொடி முந்திரி வேலைக்குத் திரும்பவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறார், பலா சீசனில் பண்ருட்டி மண்டியில் நிற்கிறார். போன வருடக் கடைசியில் அடித்த புயலில் அவர் வீட்டுக் கூரை போனது, ஊரைச் சுற்றியிருந்த முந்திரி மரங்களும் சாய்ந்தன. கம்பெனி வெளிநாட்டுக் கொட்டையை வரவழைத்து ஓட்டுகிறது. நான்கு வருடம் எண்ணெய் படாததால் தனக்கொடியின் கையில் கறை போய்விட்டது. அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் இன்றைக்கு அடையாளம் தெரியாது.

வடலூரில் நான் எழுதிக்கொண்டு போன பதிவு வலைப்பூவின் வரைவுகளில் இருக்கிறது. ஒரே ஒரு வரைவுதான், தேட வேண்டியதில்லை. அதை அழிக்க வேண்டாம், வெளியிடவும் வேண்டாம். வருடத்துக்கு ஒரு முறை போய் அவரிடம் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டு வந்தேன். போன வாரமும் கேட்டேன்.

"இப்ப வேணாம் பாப்பா" என்றார். "பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிட்டு அதே கம்பெனிக்குத்தான் ஒடைக்கப் போவுது."